டிரேவருக்கு வந்த இரண்டு ஏஸ்

அல்சூரில் டிரேவரைப் புதிதாகப் பார்ப்பவர்கள், அவர் வீட்டில் யாரோ சமீபத்தில் இறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, முன்பின் தெரியாத யாராவது வந்து கையைப் பிடித்து, "ஆண்டவர் ஆறுதல் தருவார் பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. டிரேவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். வீட்டில் யாரும் சாகவில்லை. தொழில் அப்படி. முகத்தில் எதுவும் தெரியக்கூடாத தொழிலில் பல வருடம் இருந்தால், முகம் அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுகிறது.

தொழில், ஆன்லைன் போக்கர். மனைவி லவினா பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், சாப்பாட்டு மேசையைத் துடைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

சீட்டாடிப் பிழைப்பவன் என்றதும் நமக்கெல்லாம் மனசில் ஒரு ஆள் வந்து நிற்பான். சட்டைப் பொத்தான் திறந்திருக்கும், கண் சிவந்திருக்கும், வீட்டில் தாலி இருக்காது. டிரேவரைப் பார்த்தால் அந்த ஆள் வெட்கப்பட்டுப் போய்விடுவான். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். மேசை நடுவில் ஐந்து சீட்டைப் பொதுவாகத் திறந்து வைப்பார்கள். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கையோ அவனுக்குப் பணம். இதில் வரும் இரண்டு சீட்டு பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். குப்பையை வைத்துக்கொண்டு ஆசைப்படுகிறவன் தோற்பான். கீழே வைத்துவிட்டு ஒதுங்குகிறவன் பிழைப்பான். இப்படி ஒதுங்குவதற்கு 'ஃபோல்டு' என்று பெயர். டிரேவரின் தொழில், உள்ளதைச் சொன்னால், ஒதுங்குவதுதான். ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு 'கை'; பத்து கையில் எட்டு கையை அவர் பார்த்ததும் வைத்துவிடுவார். மீதி இரண்டில் சம்பாதிப்பார். ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க் மனுக்களைத் திருப்பி அனுப்புகிற அதே சுறுசுறுப்போடு, அதே கொட்டாவியோடு, நாள் முழுக்கச் சீட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்.

அதற்கு முன்னால் பார்க்காத வேலை இல்லை. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், இன்சூரன்ஸ், பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டர். மூன்றிலும் மரியாதையாகக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். போக்கர் கற்றுக்கொண்டது கம்பெனி கேப் வண்டியில், எலெக்ட்ரானிக் சிட்டி டோல் பாலத்து நெரிசலில். அதில் மட்டும்தான் யாரும் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அனுப்புவதற்கு ஆள் கிடையாது என்பதால். ஜெயித்ததில் நூற்றுக்கு முப்பது வருமான வரியாகப் போய்விடும். மிச்சத்தில் வீட்டு வாடகை, மகளின் காலேஜ், லவினாவின் தைராய்டு மாத்திரை எல்லாம் ஓடின. ஓடின என்றுதான் சொல்ல வேண்டும், பறக்கவில்லை.

இந்த நிலையில்தான் இரண்டாயிரத்து இருபத்தைந்தில் மாநில அரசு ஒரு வரைவுச் சட்டம் தயார் செய்வதாகச் செய்தி வந்தது. முழுசாகப் படித்தவர் யாரும் இல்லை. ஆனால் போக்கரும் அதில் மாட்டும், ஆடுகிறவனுக்கு மூன்று வருடம் ஜெயில் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு சட்டம் வந்து, சில மாதத்தில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்தது. அந்தச் சில மாதமும் டிரேவர் வீட்டில் லவினாவோடு கேரம் ஆடினார். எல்லா ஆட்டத்திலும் லவினா ஜெயித்தாள். அந்த நாள் மறுபடி வருவதை அவர் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த லவினாவின் அண்ணன் டெஸ்மண்டுக்கு விஷயம் இனித்தது. சர்ச்சின் பங்குப் பேரவையில் பொறுப்பில் இருப்பவர், சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள, மூணு வருஷம் உள்ள வைப்பாங்களாமே. பரப்பன அக்ரஹாரா ஜெயில்ல நல்லாக் காத்து வரும்னு சொல்றாங்க. எலெக்ட்ரானிக் சிட்டி போறப்ப அந்த வழியாதானே தெனம் போவே? ரூட்டு பழக்கம்தான்."

"ரசம் ஊத்திக்கங்க மச்சான்" என்றார் டிரேவர்.

லவினாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, திருவிழாவுக்கு ஹௌஸி நடத்துறது யாரு?"

"அது சர்ச்சுக்கு, லவி."

"டப்பாவுக்குள்ள கை விட்டு நம்பர் எடுத்துக் கத்துற. அதுல என்ன தெறமை இருக்கு? நாப்பத்தேழுன்னு கத்துறதுக்குப் படிச்சிட்டு வந்தியா? அதுக்கும் துட்டு வாங்குறீங்கல்ல?"

"ஃபாதர் ஜெபம் பண்ணிட்டுதானே ஆரம்பிக்கிறோம்."

"டிரேவரும் ஜெபம் பண்ணிட்டுதான் ஒக்கார்றாரு. ஒன்னைவிட அதிகமா பண்றாரு."

டெஸ்மண்ட் ரசம் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் போக்கர் கம்பெனியிலிருந்து சௌம்யா என்ற பெண் வீடு தேடி வந்தாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து, கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவள். வரைவைப் பற்றி அதிகாரிகள் கருத்துக் கேட்கிறார்களாம். கம்பெனிகள் சார்பில் பெரிய வக்கீல்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். இப்போது ஆடுகிற ஆள் ஒருவரையே நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

"எங்க ரெக்கார்டு முழுக்கப் பார்த்தேங்க சார். ஆறு வருசமா ஒரு நாள்கூட நீங்க உணர்ச்சிவசப்படவே இல்லீங்க. கோவத்துல ஒரு ஆட்டம் ஆடினது கிடையாது. குடும்பம், சர்ச், டாக்ஸ் எல்லாம் சரியா இருக்கு. உங்களைக் காட்டினா எந்தச் சட்டமும் நிக்காதுங்க."

"நான் போயி என்னம்மா பேசறது?"

"பேச வேண்டாங்க சார். நீங்க இருந்தாப் போதும்."

தன்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பதால் டிரேவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: செய்கிற வேலையைக் குற்றவாளி ஆகாமல் செய்ய வேண்டும்.

கப்பன் பார்க் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. நடுவில் துணைச் செயலாளர், பக்கத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், ஓரத்தில் கம்ப்யூட்டரோடு குறிப்பு எழுதும் ஒரு கிளார்க் அம்மா. பேச்சு கன்னடத்தில் நடந்தது. அல்சூரில் பிறந்தவருக்கு அதில் சிரமம் இல்லை. துணைச் செயலாளர் கெட்டவர் அல்ல. டிரேவரின் முகத்தைப் பார்த்ததும் அவரே பதறிப்போய், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"திறமை, திறமைன்னு உங்க வக்கீல்கள் நானூறு பக்கம் கொடுத்திருக்காங்க. நானூறு பக்கத்தையும் படிக்க ஒரு திறமை வேணும். ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க, பார்த்துடலாம்."

சௌம்யா இதற்குத் தயாராகவே வந்திருந்தாள். பையிலிருந்து புதுச் சீட்டுக்கட்டை எடுத்தாள். பணம் வைக்கக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்ததும், துணைச் செயலாளர் மேசை டிராயரைத் திறந்து ஜெம் கிளிப் டப்பாக்களை வெளியே வைத்தார். ஆளுக்கு ஒரு டப்பா. கதவைச் சாத்தச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் சீட்டாடுகிறார்கள் என்று யாராவது புகார் கொடுத்துவிட்டால் என்னாவது?

சௌம்யா சீட்டைப் போட்டாள். டிரேவர் தன் இரண்டையும் ஓரம் தூக்கிப் பார்த்தார். வைத்துவிட்டார். அடுத்த கை. பார்த்தார், வைத்துவிட்டார். அடுத்ததையும். துணைச் செயலாளரும் இன்ஸ்பெக்டரும் எந்தச் சீட்டு வந்தாலும் கிளிப்பைத் தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு ஆடினார்கள்.

"இவர் ஆட வந்தாரா, லீவு போட வந்தாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சௌம்யா குனிந்து டிரேவர் காதில், "சார், கொஞ்சம் கெத்தா ஆடுங்க. பெரிய கார்டு வந்த மாதிரி சும்மாவாச்சும் ஒரு ப்ளஃப் விடுங்க. அவங்களுக்குத் தெறமை தெரியணும்ங்க" என்றாள்.

"கார்டு வரலியேம்மா."

"அது அவங்களுக்குத் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுமே."

இங்கேதான் டிரேவர் தவறு செய்தார். பார்க்க வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டிய இடத்தில், அவர் வேலை பார்த்தார். வேறு எந்தத் தொழில்காரனும் அதிகாரி முன்னால் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுவான். வெட்டியாக நிற்கிற மேஸ்திரிகூட இன்ஜினியரைப் பார்த்ததும் மட்டக்கோலைக் கையில் எடுத்துக்கொள்வான். டிரேவருக்கு அந்த வழக்கம் இல்லை. ஆறு வருடமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் வந்தன இரண்டு ஏஸ். கையில் இதற்கு மேல் நல்ல ஜோடி கிடையாது. டிரேவர் தன்னிடம் இருந்த கிளிப்பில் பாதியை நடுவில் தள்ளினார். அவ்வளவு கிளிப்பைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சீட்டைக் கீழே போட்டார். துணைச் செயலாளர் போடவில்லை.

"பாத்துக்கங்க சார், பெரிசாப் போட்டிருக்கேன்" என்று டிரேவர் மரியாதைக்குச் சொன்னார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவரும் கிளிப்பைத் தள்ளினார். அவரிடம் இருந்தது ஒரு ஏழும் ஒரு இரண்டும். போக்கரில் அதைவிட மோசமான சேர்க்கை இல்லை; ஆடத் தெரிந்தவன் அதைக் கையால்கூடத் தொடமாட்டான். நடுவில் சீட்டுகள் திறந்தன. ஏழு. ராஜா. இன்னொரு ஏழு. அவர் கையில் இருந்ததோடு மூன்று ஏழு ஆகிவிட்டது; மூன்று ஏழு இரண்டு ஏஸை அடித்துவிடும். அதற்குப் பிறகு வந்த இரண்டும் டிரேவருக்கு உதவவில்லை.

"என் மகள் பிறந்த தேதி ஏழு" என்றார் துணைச் செயலாளர், கிளிப்பை வாரிக்கொண்டே. பிறகு கிளார்க் அம்மா பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க. இந்த ஆட்டம் அதிர்ஷ்டத்தை நம்பியது என்பது நேரடிச் செய்முறையில் தெரியவந்தது" என்றார். அம்மா கம்ப்யூட்டரில் தட்டினார்.

"சார், இதே கை நூறு தடவை வந்தா எண்பத்தெட்டு தடவை நான்தான் ஜெயிப்பேன்."

"நாம ஆடினது ஒரு தடவைதானே?"

டிரேவரின் வாழ்க்கையே அந்த மீதித் தொண்ணூற்றொன்பது தடவைகளில்தான் இருந்தது. அதை யாரிடம் போய்த் திறந்து காட்டுவது.

கூட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. "இன்னும் ரெண்டு கை போடும்மா" என்றார். ரெண்டு கை நாலானது. டீ வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த பியூனை இன்ஸ்பெக்டர் கையசைத்து அனுப்பிவிட்டார். டிரேவர் வழக்கம்போலப் பார்த்தார், வைத்தார். எப்போதாவது ஒரு கை வைக்காமல் இருந்தார். அப்போதெல்லாம் கொஞ்சம் கிளிப் மேசையைக் கடந்து அவர் பக்கம் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியபோது இன்ஸ்பெக்டரின் டப்பா காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் துணைச் செயலாளர் தன் பக்கம் தடவிப் பார்த்தார், மேசைதான் தட்டுப்பட்டது. கிளிப் முழுவதும் டிரேவர் முன்னால் குவிந்து கிடந்தது.

துணைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

"பார்த்தீங்களா? உட்கார்ந்த இடத்தில் எங்க ரெண்டு பேரையும் சுத்தமாத் துடைச்சுட்டீங்க. படிச்ச எங்களுக்கே இந்த கதின்னா, ஏழை ஜனங்க என்ன ஆவாங்க?" கிளார்க் அம்மாவிடம், "இன்னொரு பாயிண்ட் சேருங்க. தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் சாதாரண மக்கள் எல்லாவற்றையும் இழக்கும் அபாயம் உள்ளது."

டிரேவர் அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தியது பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்டது. "சார், முதல் பாயிண்ட் சரின்னா ரெண்டாவது எப்படி வரும்? அதிர்ஷ்டம்னா கிளிப்பு எல்லாம் எங்கிட்ட ஏன் வந்துச்சு? தேர்ந்தவன்னா அது திறமைதானே?"

"ரெண்டும் இருக்கட்டும். ஃபைல்ல ஒரு காரணத்துக்கு ரெண்டு காரணம் இருந்தா பலம்" என்றார் துணைச் செயலாளர். அவர் கோபம் அதற்குள் போய்விட்டது. "கிளிப்பை மட்டும் டப்பாவில் போட்டுட்டுப் போங்க. ஸ்டாக்கில் காட்டணும்."

மெட்ரோ பிளாட்பாரத்தில் சௌம்யா சீட்டுக்கட்டைப் பைக்குள் போட்டு மூடினாள். பிறகு, "அந்த முதல் கையிலயே ப்ளஃப் விட்டுப் பெரிசா ஜெயிச்சிருந்தீங்கன்னா..." என்று இழுத்தாள்.

"ஏமாத்தறதுதான் இந்த ஆட்டம்னு மூணாவது பாயிண்ட் போட்டிருப்பாங்கம்மா" என்றார் டிரேவர். அல்சூர் வந்ததும் இறங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் யோசித்தது ஓசூரைப் பற்றி. தமிழ்நாட்டில் அப்போது ஆடலாம். நள்ளிரவிலிருந்து விடிகாலை ஐந்து வரை மட்டும் கூடாது என்று விதி. அதாவது அத்திபெலே எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடினால் ஜெயில் வரப்போகிறது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவர் வரி கட்டும் குடிமகன். சீட்டு அதே சீட்டு. எதிரில் ஆடுகிறவன் ஒருவேளை பாட்னாவில் இருப்பான். ஆனாலும் நாற்காலி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதிகாலையில் கிளம்பி, பகலெல்லாம் அங்கே ஆடி, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மறுபடியும் அதே எலெக்ட்ரானிக் சிட்டி பாலம், அதே நெரிசல்.

அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அய்யாவுக்கு ஓசூரில் காலி அறை ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தார்.

"என்னா வேலை சார்?"

டிரேவர் உள்ளதைச் சொன்னார். அய்யாவு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார்.

"சீட்டாட்டக்காரன் மாதிரியே தெரியலியே. சரி, ஆடிக்கிங்க. ஆனா ராத்திரில லைட்டு எரியக்கூடாது."

"ராத்திரி ஆடக்கூடாதுன்னு தமிழ்நாட்டுக் கவர்மென்ட்டே சொல்லியிருக்கு."

"அப்ப கவர்மென்ட்டும் நானும் ஒண்ணு. கறி சமைப்பீங்களா?"

"சமைக்க மாட்டேன். டிபன் பாக்ஸ்ல வரும்."

"பாக்ஸுக்குள்ள இருந்தா எனக்குத் தெரியாது" என்று அய்யாவு அட்வான்ஸை வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லவினா ஒரு மேசை விரிப்பும் பிளாஸ்க்கும் எடுத்து வைத்தாள். "காலேஜ் போற புள்ள மாதிரி கெளம்புறீங்க" என்றாள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் போவதாக இருந்தது.

ஆகஸ்டில் டில்லி முந்திக்கொண்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் நாடு முழுவதிலும் கூடாது என்று ஒரு சட்டம், இரண்டு நாளில் இரண்டு அவையையும் கடந்து போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் டிரேவரின் ஆன்லைன் மேசைகள் ஒவ்வொன்றாக மூடின. லேப்டாப்பில் நன்றி என்று ஒரு வரி வந்தது. பெங்களூரில் அது அதிர்ஷ்டமா திறமையா என்று விசாரிக்கவாவது ஒரு அறையும் டீயும் இருந்தன. டில்லிச் சட்டம் எதுவாக இருந்தாலும் கூடாது என்றுவிட்டது. அய்யாவு அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்றார்; மின்விசிறி மாட்டிவிட்டாராம்.

டெஸ்மண்ட் செய்தித்தாளோடு வந்தார். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை. அது டிரேவரை இன்னும் அயர வைத்தது.

"மாப்ள, ஒனக்கு ஒண்ணும் வராதாம். நடத்துறவன், வெளம்பரம் பண்றவன், அவனுங்களத்தான் புடிப்பாங்களாம். ஆடுறவனுக்கு ஜெயில் இல்ல. ஆடுறவன் பாதிக்கப்பட்டவனாம்."

"யாரு?"

"நீதான். பாதிக்கப்பட்டவன்."

"யாரு மச்சான் என்னைப் பாதிச்சது?"

டெஸ்மண்ட் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். அதில் போடவில்லை. "விடு மாப்ள. கோயில் மண்டபத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேணுமாம். நாற்காலி எடுத்துப் போடுறது, லைட்டு நிறுத்துறது. ஃபாதர்கிட்ட சொல்லி வெக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்றாரு அண்ணே" என்றாள் லவினா. டெஸ்மண்ட் போன பிறகு அவள் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை.

மறுநாள் மத்தியானம் சௌம்யா போனில் வந்தாள். கம்பெனியில் அவள் பிரிவையே மூடிவிட்டார்களாம். இந்த மாசத்தோடு அவளும் வீட்டுக்காம். ஆனாலும் அவளும் ஒரு வக்கீல் தோழியும் சேர்ந்து கோர்ட்டில் ஒரு மனு போடப் பார்க்கிறார்களாம். மனுவில் ஆடுகிறவர் ஒருவரின் பெயர் வேண்டும். கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. கேட்ட ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெயர் வேண்டாம் என்கிறார்கள்.

"கட்டாயம் இல்லீங்க சார். ஜெயிப்போம்னும் என்னால சொல்ல முடியாதுங்க. வருசக்கணக்கா ஆகும். பேரு பேப்பர்ல வரும்."

டிரேவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். லவினா அன்றைக்குப் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"பேப்பர்ல வந்தா ஸ்கூல்ல கேப்பாங்க" என்றார் டிரேவர் அவளிடம்.

"கேக்கட்டும். எங்க வீட்டுக்காரரு திருடலன்னு சொல்லுவேன். வேற என்ன கேப்பாங்க?"

தெருவில் கேஸ் வண்டி போனது.

"ஜெயிக்கிற கை மாதிரி தெரியலம்மா" என்றார் டிரேவர் போனைப் பார்த்து.

"இல்லீங்க சார். குப்பைக் கைதாங்க."

"சரி. பேரு போட்டுக்கங்க. டிரேவர் ஜெயராஜ். அல்சூர். மறுபடி யாருக்காச்சும் ஆடிக் காட்டணுமா?"

"வேண்டாங்க சார். எல்லாம் பேப்பர்லதான்." சௌம்யா தட்டச்சு செய்வது இங்கே கேட்டது. நின்றது. "சார், தொழில்னு ஒரு கட்டம் இருக்குங்க. இப்ப எல்லாம் மூடிட்டாங்கல்ல... முன்னாள் ஆட்டக்காரர்னு போடட்டுங்களா? இல்ல, பாதிக்கப்பட்டவர்னு போட்டா ஜட்ஜுக்கு இரக்கம் வரும்னு என் ஃபிரண்டு சொல்றா."

டிரேவர் முதுகுத் தலையணையைச் சரி செய்துகொண்டார்.

"ரெண்டும் வேணாம்மா. போக்கர் ஆடுறவர்னு போடுங்க. போதும்."

"சரிங்க சார்" என்றாள் சௌம்யா. லவினா பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.